பதினேழாம் பக்கத்திலிருந்து

கபாலிக்கு வேலை போகவில்லை. இன்றைக்கும் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், எங்கள் அச்சுக்கூடத்தில், வாசலுக்கு எதிரே நின்று எழுத்துக் கோத்துக்கொண்டுதான் இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், 1934-இல், நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்த மாதிரி நீங்களும் திரியவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை.

நான் அங்கே புரூப் பார்க்கிறவன். பெயர் அம்பி. அச்சுக் கோக்கிறவர்கள் ‘புரூப் சாமி’ என்பார்கள். ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. றகரம் இருக்கவேண்டிய இடத்தில் ரகரம் போட்டவனை என்னால் மன்னிக்க முடியாது. இந்தக் குணத்தால் சிநேகிதர்கள் குறைவு. இருக்கிற ஒன்றிரண்டு பேரில் கபாலி ஒருவர். அவர் கோத்த பக்கத்தில் என் பேனாவுக்கு அதிக வேலை இராது.

முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கத்துக்காரர். நாலாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மை படிந்த எழுத்துகளைக் கழுவ வந்து, கழுவிய எழுத்தை எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போடப் பழகி, அப்புறம் கோக்கவும் பழகிவிட்டார். வீட்டில் மனைவி கெங்கம்மாவும் மூன்று பிள்ளைகளும். வெற்றிலை உண்டு, வேறு கெட்ட பழக்கம் இல்லை. கதைப் பைத்தியம் மட்டும் முற்றிப் போயிருந்தது.

அந்தப் பைத்தியத்திலும் ஒரு விசேஷம். அதைப் புரிந்துகொள்ள எங்கள் வேலை முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். முதலாளி ஸ்ரீரங்கன் மாதம் ஒரு நாவல் வெளியிடுகிறவர். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். நாவலின் கையெழுத்துப் பிரதி வந்ததும் அவர் அதை மூன்றாகப் பிரித்துப் பங்கு போடுவார். முதல் பாரம் நாகராஜுக்கு. மூத்தவர், நிதானஸ்தர், தலைப்பும் பூவேலையும் அவர் கைக்குத்தான் வரும். கடைசிப் பாரங்கள் கோபாலுக்கு. கெடு நெருங்கும்போது வேகம் வேண்டும், அவன் விரல் பறக்கும். நடுவில் உள்ளதெல்லாம் கபாலிக்கு. பன்னிரண்டு வருஷமாக இந்தப் பங்கு மாறியதில்லை.

ஆகவே கபாலி நூறு நாவலுக்கு மேல் படித்தவர், ஆனால் ஒவ்வொன்றையும் பதினேழாம் பக்கத்திலிருந்து. ஒன்றுக்கும் ஆரம்பம் தெரியாது, முடிவும் தெரியாது. அச்சான பாரங்கள் அன்றன்றே ராயப்பேட்டை பைண்டரிடம் போய்விடும். தைத்து வந்த புத்தகங்கள் முதலாளியின் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். எங்களில் யாரும் பிரதி கேட்டதில்லை. கேட்டால் கொடுத்திருப்பார் என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில்தான் கபாலி விசாரிப்பார். நாகராஜ் பேச்சில் சிக்கனக்காரர். “ரயிலு. மளை. ஒரு பொண்ணு வந்து எறங்குது” என்பார். எந்த நாவலானாலும் அதே பதில்தான். அநேகமாக அது சரியாகவும் இருக்கும். கோபாலோ வேண்டுமென்றே முடிவை மாற்றிச் சொல்லுவான். ஒரு தடவை, கதையில் வந்த இளம் வக்கீல் தூக்கில் தொங்கிவிட்டதாகச் சொல்லிவிட்டான். கபாலி மூன்று நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். கடைசியில் என்னிடம் வந்து கேட்டார்.

“வக்கீல் சாகலை. அந்தப் பொண்ணையே கல்யாணம் பண்ணிண்டு காசிக்குப் போயிடறான்” என்றேன்.

“அப்பாடி! நல்ல மன்சன் சாமி அவுரு. எனக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல” என்று மார்பைத் தடவிக்கொண்டார். சொந்த மைத்துனன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

நாவல் மட்டுமா? வெளி வேலைகளும் வரும். அந்த ஆனி மாதத்தில் அவர் கையில் ஒரு சமையல் புத்தகமும் வைத்திய நூல் ஒன்றும் ஒரு ரங்கூன் யாத்திரையும் இருந்தன. மூன்றிலும் நடுதான். ரங்கூன் யாத்திரையில் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டதோடு இவர் பங்கு தீர்ந்துவிட்டது. “எளுதினவர் பொளைச்சிக்கினு வந்துதானே எளுதிக்கீறாரு, கவலைப்படாதே” என்று நாகராஜ் சொன்ன பிறகுதான் மனசு ஆறியது. சமையல் புத்தகத்தில் ரசம் முதல் துவையல் வரை அவருக்கு மனப்பாடம். கெங்கம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் செய்யவைப்பார். பாயசம் கோபாலின் பாரத்துக்குப் போய்விட்டதால் அந்த வீட்டில் பாயசம் கிடையாது.

இனி அந்தப் பின்னட்டை விஷயம். ஆனி கடைசியில் முதலாளி உறவுக் கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தார். அந்த மாத நாவல் முடிந்து, அட்டை மட்டும் பாக்கி. பின்னட்டையில் வழக்கமாக வரும் கூந்தல் தைல விளம்பரத்தை அச்சடிக்கும் பிளாக்கு வந்து சேரவில்லை. பைண்டர் அட்டைக்காகக் காத்திருந்தார். மெஷின்காரர் குலாம் ரசூல் கை துடைக்கிற துணியோடு வந்து நின்றார்.

“இன்னா கபாலி, அட்டைக்குப் பின்னாடி மொட்டையா கீதே? மொதலாளி பாத்தா குதிப்பாரு.”

குதிப்பார் என்பது உண்மை. வெள்ளையாக ஓரிடம் கிடந்தால் எங்கள் முதலாளிக்குப் பொறுக்காது. கபாலி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கையில் ஸ்டிக்கை எடுத்தார். வரிவரியாக எழுத்தைக் கோத்துப் பிடிக்கிற சின்ன இரும்புத் தட்டைத்தான் அப்படிச் சொல்லுவோம். எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் நேராகக் கோத்தார்:

“அச்சில்! அச்சில்! நீரஜாட்சி அல்லது பதினோராவது ஜன்னல். பத்தே ஜன்னல்கள் உள்ள மாம்பலம் பங்களாவில் பதினோராவது ஜன்னலைத் திறந்தது யார்? கையில் எடுத்தால் கீழே வைக்கமாட்டீர்கள். இப்போதே கார்டு எழுதி பதிவு செய்துகொள்ளுங்கள்.”

புரூப் என்னிடம் வந்தது. ‘எழுதி’க்கும் ‘பதிவு’க்கும் நடுவே ஒரு ‘ப்’ விட்டுப் போயிருந்தது. செருகினேன். ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி ஒரு புத்தகம் உண்டா என்று பார்ப்பது புரூப் பார்க்கிறவன் வேலையா? முதலாளி சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். ஒற்றைக் கண்டுபிடித்த மிதப்பில் இருந்தேன்.

புத்தகம் வெளியே போன எட்டாம் நாள் கார்டுகள் வர ஆரம்பித்தன. நாலு, ஏழு, அப்புறம் தபால்காரர் கட்டாகவே கட்டிக்கொண்டு வந்தார். மாம்பலத்தில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த ஒருவர், தம் வீட்டுக்கும் பத்து ஜன்னல்தான் என்றும், இது தம்மைப் பற்றிய கதையா என்று உடனே தெரிவிக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார். அடையாற்றிலிருந்து ஜலஜா என்கிற அம்மாள், இந்த மாதம் தாம் படித்த இரண்டு நாவல்களும் ஒரு பக்திப் புத்தகமும் தூக்கத்தைத்தான் கொடுத்தன, உங்கள் பின்னட்டை மட்டும் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது, புத்தகம் வந்தவுடன் வி.பி. தபாலில் அனுப்பவும் என்று எழுதியிருந்தார். கோபாலபுரத்து உபாத்தியாயர் ஒருவர், இந்தக் கதையைத் தாம் இங்கிலீஷில் ஏற்கெனவே படித்தாயிற்று, முடிவு சுமார்தான் என்று ஒரு போடு போட்டிருந்தார். எழுதாத கதையைப் படித்துவிட்ட அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் பொறாமையாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் சித்திரக்குளத்து ஓரமாக நடக்கும்போது கபாலி என் காதருகில் சொன்னார்: “சாமி, அந்தப் பொஸ்தகமே கெடையாது.”

“என்னது?”

“எடம் காலியா கெடந்துச்சு. சும்மா கோத்துட்டேன்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. விளையாட்டு என்று தள்ளிவிடக்கூடிய காரியம் அல்ல அது. முந்தின வருஷம் ஒரு அச்சுக்கோப்பவன், முன்னுரையில் நன்றி சொல்கிற இடத்தில் தன் மச்சான் பெயரையும் நைசாகச் செருகிவிட்டான். முதலாளி அவனை அன்று மத்தியானமே வெளியே அனுப்பினார். காலமோ மந்த காலம். பட்டணத்தில் எத்தனையோ அச்சுக்கூடங்கள் கதவைச் சாத்திவிட்டன. இங்கே போனால் கபாலிக்கு வேறு இடம் கிடையாது. புரூபில் என் கையெழுத்து வேறு இருந்தது.

முதலாளி கும்பகோணத்திலிருந்து திரும்பினார். கார்டுக் கட்டைப் பார்த்தார். மனிதருக்கு வாயெல்லாம் பல்.

“நம்ம புஸ்தகம் எதுக்கும் இவ்வளவு கார்டு வந்ததில்லையே! நான் ஊரில் இல்லாதபோது எந்த மகானுபாவன் கொண்டுவந்து கொடுத்தான்? கபாலி, காப்பி எங்கேடா?”

அச்சுக்கூடத்தில் காப்பி என்றால் கையெழுத்துப் பிரதி. இது கபாலிக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் அவர் காதில் அது வேறு காப்பியாகத்தான் விழுந்ததாம். சத்தியம் செய்கிறார். விடுவிடென்று வெளியே போய், மூலை ஓட்டலிலிருந்து ஆவி பறக்க ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முதலாளி திகைத்துப்போய் அதைக் குடித்துவிட்டார். குடித்து முடிப்பதற்குள் யாரோ வியாபாரி வந்ததால், கேட்டது மறந்துபோயிற்று.

மறுநாள் மறக்கவில்லை. “அந்தக் காப்பி இல்லைடா, இந்தக் காப்பி!” என்று காகிதம் புரட்டுவது போல விரலை ஆட்டினார்.

“என் கைலதான் கீது மொதலாளி. கோத்துக்கினு கீறேன்” என்றார் கபாலி.

சொல்லியாகிவிட்டது. இனிக் கோத்துத்தான் ஆகவேண்டும். காகிதமும் பென்சிலும் கொடுத்து, “எழுதும்” என்றேன். அரைமணி நேரம் உட்கார்ந்தும் ஒரு வரி வரவில்லை. பென்சிலை என்னிடமே நீட்டிவிட்டு எழுத்துப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். ஸ்டிக் கைக்கு வந்ததும் கதையும் வந்துவிட்டது. மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் தினமும் ஒரு பக்கம், சில நாள் இரண்டு. பேனா தொடாமல் ஈயத்தில் நாவல் எழுதின மனிதர் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

பதினாறு பக்கம் சேர்ந்ததும் ஒரு புரூப் இழுத்து என்னிடம் கொடுத்தார். முதல் வரி இப்படி இருந்தது: “அப்படியானால் அந்தச் சாவி உன்னிடமும் இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே இன்ஸ்பெக்டர் மாடிப்படி இறங்கினார்.

“எந்தச் சாவி? எந்த இன்ஸ்பெக்டர்? அவர் எப்போ மாடி ஏறினார்?” என்றேன்.

“அதெல்லாம் முன்னாடி நடந்திருக்கும் சாமி.”

“முன்னாடின்னா எங்கே?”

“இது பதினேளாம் பக்கம். மொதல் பாரம் நாகராஜ் அண்ணன்து ஆச்சே” என்றார். என்னைக் கேலி செய்யவில்லை. பக்கத்தின் தலையில் 17 என்று எண்ணும் போட்டிருந்தார். கதை என்றால் அவருக்கு அங்கேதான் ஆரம்பம்.

நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி வந்து புரூபைப் பிடுங்கிக்கொண்டார். எண்ணைப் பார்த்தார். நேரே நாகராஜிடம் போனார்.

“முதல் பாரம் எங்கே?”

“எனக்கு வரலீங்க” என்றார் நாகராஜ்.

“வராமல் எங்கே போச்சு? காப்பியைத் தொலைச்சுட்டேளா? ஊரே கார்டு போட்டுண்டு காத்திண்டிருக்கு, நீர் முதல் பாரத்தைத் தொலைச்சுட்டு நிக்கறீர்!”

நாகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு கபாலியால் நிற்க முடியவில்லை. “அவுரு மேல தப்பு இல்ல மொதலாளி. காப்பியே கெடையாது. எல்லாம் நானா கோத்தது” என்று முன்னால் வந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். என் கையெழுத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்றார்.

“செரிங்க. எளுத்தையெல்லாம் பொட்டில போட்டுட்டுப் போறேன். கோத்ததை அப்டியே வுட்டுட்டுப் போனா மத்தவங்களுக்குக் கஷ்டம்.”

கபாலி தம் இடத்துக்குப் போனார். கோத்த பக்கம் கலையாமல் சுற்றிக் கட்டியிருந்த நூலை அவிழ்த்தார். கடைசியாகக் கோத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து அதனதன் அறையில் போட ஆரம்பித்தார். ஈயம் மரத்தில் விழும் டிக், டிக் சத்தத்தைத் தவிர அங்கே ஒரு சத்தம் இல்லை. குலாம் ரசூல் மெஷினை நிறுத்திவிட்டார். கோபால்கூட ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. மறைப்பதற்காகக் கீழே கிடந்த காகிதங்களை அடுக்கினேன்.

முதலாளி புரூபைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். கிழித்துப் போடத்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். கிழிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு தாளைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். பொடி டப்பியைத் திறந்தவர் பொடி போட மறந்துவிட்டார். கடைசித் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“முப்பத்திரண்டாம் பக்கத்தில் ‘ஜன்னல் கதவு தானாகத் திறந்தது. வெளியே நின்றது’ன்னு இருக்கு. வெளியே நின்றது யாருடா? முப்பத்துமூணு எங்கே?”

“அதத்தான் கலைச்சிக்கினு கீறேன் மொதலாளி.”

“நிறுத்துடா!” என்று போட்ட சத்தத்தில் பொடி டப்பி உருண்டது. “கையை எடுடா அதுலேர்ந்து!”

கபாலி கையை எடுத்தார்.

முப்பத்துமூன்றாம் பக்கத்தில் பாதி ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டது. கபாலி நின்ற இடத்திலேயே நின்று, போன பாதியை வாயால் சொன்னார். வெளியே நின்றது நீரஜாட்சியின் செத்துப்போன சித்தப்பா. முதலாளி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“சரி. ஜன்னல் எப்படிப் பதினொண்ணாச்சு? முடிவு என்ன?”

“முடிவு எனக்கு எப்டிங்க தெரியும்? அது கோபாலு வேலையாச்சே.”

முதலாளி கோபாலைப் பார்த்தார். நாகராஜைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த கார்டுக் கட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்தத் திட்டு காதில் தேனாகப் பாய்ந்தது. வேலையை விட்டு அனுப்புகிறவனை யாரும் அவ்வளவு நேரம் நின்று திட்டமாட்டார்கள்.

“நாகராஜ், ஆரம்பத்தை நீர் கோத்தாகணும். கோபால், முடிவு உன் பாடு. ஆவணி பிறக்கறதுக்குள்ளே புஸ்தகம் வெளியே போகணும்” என்றார்.

நாகராஜ் போய் முதல் பாரத்தைக் கோத்தார். ரயில் வந்தது, மழை பெய்தது, மாம்பலம் ஸ்டேஷனில் ஒரு பெண் இறங்கினாள். இன்ஸ்பெக்டரை மாடிக்கு ஏற்றிவைக்கவும் அவர் மறக்கவில்லை. கோபாலுக்கு முடிவு பெரிய காரியமாகவே தெரியவில்லை. “எல்லாரையும் ஒரே ரூம்ல கொண்ணாந்து நிக்க வெச்சாப் போதும், மிச்சம் தானா வந்துரும்” என்றான். வந்தும்விட்டது. ஜன்னல் மட்டும் இடித்தது. பத்து எப்படிப் பதினொன்றாகும்? இரண்டு நாள் மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் கபாலி கையிலிருந்த வரியைப் பார்த்தபடியே சொன்னார். ஈய எழுத்து எப்போதும் இடவலம் மாறித்தானே இருக்கும்!

“கண்ணாடி வெச்சிரலாம்டா. ஆள் ஒசர நெலக்கண்ணாடி. பத்தாவது ஜன்னலுதான் அதுல பதினொண்ணா தெரிஞ்சிக்கினு இருந்திச்சி.”

வெளியே நின்ற சித்தப்பாவும் கண்ணாடியில் தெரிந்தவர்தான், அவர் சாகவே இல்லை, வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தார் என்று கோபால் உடனே பிடித்துக்கொண்டான். நான் ஒற்றுகளைப் பார்த்துக்கொண்டேன்.

ஆடி இருபத்தெட்டாம் தேதி கடைசி புரூப் தயாராயிற்று. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் முழுப் புரூபையும் படித்து, ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் எதுவும் மெஷினில் ஏறாது. முதலாளி கபாலியைக் கூப்பிட்டார். தம் நாற்காலிக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். நாவலாசிரியர்கள் வந்தால் உட்காருகிற நாற்காலி அது.

“உட்காரும்” என்றார். ‘டா’ போய்விட்டதா என்று எனக்கு முதலில் சந்தேகமாகக்கூட இருந்தது. “முழுக்கப் படிச்சுட்டு எழுதித் தாரும். ஆசிரியர் படிக்காமல் இங்கே அச்சுப் போடற வழக்கம் இல்லை.”

கபாலி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். ரயில் வந்துகொண்டிருந்தது. மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார். குலாம் ரசூல் மெஷினில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆயிற்று. பதினேழாம் பக்கம் வந்தபோது ஒரு கணம் நிறுத்தி, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மேலே போனார். அந்த மனிதர் தம் ஆயுசில் முதல் தடவையாக ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் அவசரப்படுத்தவில்லை.

கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“எப்படி இருக்கு?” என்றார் முதலாளி.

“ஆரம்பம் ஜோரா கீது. முடிவு ரொம்ப ஜோரு.” கபாலி கொஞ்சம் தயங்கினார். “நடுவுலதான் மொதலாளி, கொஞ்சம் இளுக்குது.”

அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.